குடித்தவர் கதவைத் தாண்டினால் பார் முதலாளியின் பொறுப்பு முடிந்ததா? ஒன்ராறியோ சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் நம்மவர்கள் நடத்தும் உணவகங்களிலும் மண்டபங்களிலும் மது பரிமாறுவது இப்போது சாதாரண விஷயம். உரிமம் எடுக்கும்போது சமையலறைப் பரிசோதனை, தீயணைப்புப் படிவம் என்று எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பவர்கள்கூட, தங்களிடம் குடித்துவிட்டுப் போன ஒருவர் வழியில் யாரையாவது இடித்துவிட்டால் தங்கள் தலையில் என்ன விழும் என்று யோசிப்பதில்லை. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் ஒன்ராறியோவை வைத்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு வழக்கும் அதன் விவரங்களைப் பொறுத்தது என்பதால், உங்களுக்கே ஒன்று நடந்திருந்தால் இதை வாசித்துவிட்டு நேரே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

குடித்தது அவர், காரை எடுத்தது அவர். இதில் பார் முதலாளி எங்கே வந்தார்?

காசு வாங்கிக்கொண்டு ஊற்றியதால் வந்தார். ஒருவர் எத்தனை கிளாஸ் குடித்தார் என்பது அந்த இரவில் அவரைவிட பாருக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் பில் பாரிடம் இருக்கிறது. குடிக்கக் குடிக்க அவருடைய நிதானம் போகும், நிதானம் போகப் போக இன்னும் வாங்குவார், அதில் பாருக்கு லாபம். இப்படி ஆபத்து வளர வளர லாபமும் வளரும் ஒரு வியாபாரத்தை நடத்துகிறவருக்கு, அந்த ஆபத்தைக் கவனிக்கும் கடமையும் உண்டு என்கிறது கனடாச் சட்டம். குடித்தவரின் பாதுகாப்பில் மட்டும் இல்லை, ரோட்டில் எதிரே வரும் முன்பின் தெரியாத ஆளின் பாதுகாப்பிலும் பாருக்கு அந்தக் கடமை உண்டு. காரை ஓட்டியவர் தப்பித்துவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான வழக்குகளில் பெரிய பங்கு அவருடையதுதான். பார் அவரோடு சேர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எப்போது, எப்படி வந்தது?

கனடாவில் இதற்கு அடிக்கல் ஜோர்டன் ஹவுஸ் வழக்கு. நயாகரா பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு ஹோட்டல், 1968 ஜனவரியில் ஓர் இரவு. அடிக்கடி வரும் வாடிக்கையாளர் ஒருவர், குடித்தால் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பவர். பொறுப்பான யாராவது கூட வராவிட்டால் இவருக்கு ஊற்ற வேண்டாம் என்று ஊழியர்களுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதை மறந்து ஊற்றினார்கள், வெறி ஏறியதும் இருட்டில், குளிரில் வெளியே தள்ளிவிட்டார்கள். அவர் நெடுஞ்சாலையில் தள்ளாடி நடந்து போனபோது ஒரு கார் மோதியது.

விசாரித்த நீதிபதி பொறுப்பை மூன்றாகப் பிரித்தார்: ஹோட்டலுக்கு ஒரு பங்கு, கார் ஓட்டியவருக்கு ஒரு பங்கு, குடித்தவருக்கே ஒரு பங்கு. 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் போரா லாஸ்கின். பொலிஸைக் கூப்பிட்டிருக்கலாம், பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்திருக்கலாம், கொஞ்சம் தெளியும்வரை உள்ளே வைத்திருந்திருக்கலாம், இதில் எதுவுமே செய்யாமல் ஆபத்து இருக்கும் இடத்துக்கே அனுப்பினீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கவனியுங்கள், ஹோட்டல் தன் பாதுகாப்புக்காகப் போட்டு வைத்த சொந்த விதியே அதற்கு எதிரான சாட்சியாக நின்றது. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எது?

இது நீதிமன்றம் உருவாக்கிய விதி மட்டும்தானா, எழுதிய சட்டமும் இருக்கிறதா?

இரண்டும் இருக்கின்றன. ஒன்ராறியோவின் மது உரிமச் சட்டத்திலேயே சிவில் பொறுப்பு என்று ஒரு பிரிவு நீண்ட காலமாக இருந்து வந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2021 நவம்பர் 29 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இன்னும் குடித்தால் வெறி ஏறி தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தாகிவிடுவார் என்ற நிலை வெளிப்படையாகத் தெரிந்தும் ஒருவருக்கு விற்றால், அதனால் வரும் சேதத்துக்கு விற்றவரிடம் நட்டஈடு கேட்கலாம் என்பதே அதன் சுருக்கம். இது தவிர கட்டடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பைச் சொல்லும் தனிச் சட்டம் ஒன்றும் உண்டு, அது சண்டை, சறுக்கல் போன்றவற்றுக்கு வரும். வழக்குப் போடுகிறவர் இவை எல்லாவற்றையும் சேர்த்தே போடுவார்.

“பார்க்க வெறியில் இருப்பவர் மாதிரித் தெரியவில்லையே” என்று சொன்னால் போதுமா?

போதாது. எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், அதனால் இதை உடைப்பது எப்படி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் பில்லை எடுப்பார்கள். கனடாவில் ஒரு நிலையான அளவு என்றால் 5 சதவீத பியர் 341 மில்லிலீற்றர், 12 சதவீத வைன் 142 மில்லிலீற்றர், 40 சதவீத விஸ்கியோ ரம்மோ 43 மில்லிலீற்றர். பில்லில் ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை எட்டு டபுள் என்று இருந்தால், அது 16 நிலையான அளவு. அப்புறம் விபத்துக்குப் பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனை. உடல் மணிக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம் வரை மதுவைக் குறைக்கும் என்பதை வைத்து, கடைசி கிளாஸ் கொடுத்த நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்திருப்பார் என்று நச்சியல் நிபுணர் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்வார். வாகனம் ஓட்டுவதற்கான குற்றவியல் வரம்பு 80 மில்லிகிராம், அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தால் “எனக்குத் தெரியவில்லை” என்ற பதில் நிற்காது. கமரா பதிவு இருந்தால் அதில் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்புவதும் தெரியும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள்: எண்ணாமல் இருந்தால் தெரிந்திருக்காது, தெரியாவிட்டால் பொறுப்பில்லை. நீதிமன்றம் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததா என்று மட்டும் இல்லை, தெரிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்கும். ஆளுக்கு ஆள் மாறி மாறி ஊற்றி, யாரும் கணக்கு வைக்காத பாருக்கு அந்தக் குழப்பமே பாதகமாக முடியலாம். அளவுக் கிண்ணம் இல்லாமல் கையளவில் ஊற்றுகிற நம்மூர்ப் பழக்கம் விருந்தோம்பலுக்கு அழகு, நீதிமன்றத்தில் அது பெரிய தலைவலி.

இத்தனை கிளாஸுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஏதாவது எண்ணிக்கை இருக்கிறதா?

இல்லை. வெறியில் இருப்பவருக்கும் அப்படித் தோற்றமளிப்பவருக்கும் விற்கக் கூடாது என்பதே விதி. ஒருவருக்கு மூன்றிலேயே ஏறும், ஒருவர் ஆறு குடித்தும் நேராக நடப்பார்.

மேசையில் குடிக்காத ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் ஓட்டுவார்கள் என்று நினைத்தோம். அது சரியா?

சில சமயம் சரி. எட்மன்ரனில் சாப்பாட்டோடு நாடகம் போடும் அரங்கம் ஒன்றில் 1985 டிசம்பரில் நடந்ததை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 1995இல் ஸ்டூவர்ட் – பெட்டி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு தம்பதிகள், கிறிஸ்மஸ் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள். ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் இருவரும் தெளிவாக இருந்தார்கள். ஓட்டியவர் ஐந்து முதல் ஏழு டபுள் ரம் குடித்திருந்தார், இரவு முழுக்க ஒரே பரிமாறுபவர், ஒரே கணக்கு, ஆகவே எவ்வளவு என்பது அரங்கத்துக்குத் தெரியும். வாகனத் தரிப்பிடத்தில் நின்று அவர் ஓட்டலாமா என்று நாலு பேரும் பேசிவிட்டு, ஓட்டலாம் என்று முடிவு செய்து ஏறினார்கள். பனி உறைந்த ரோட்டில் கார் சறுக்கி மோதியதில், தெளிவாக இருந்த பெண்களில் ஒருவருக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அரங்கத்துக்கு 10 சதவீதம் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. மூன்றாம் ஆளைக் காக்கும் கடமையும் மது விற்பவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் நிலைமை முழுக்கத் தெரிந்த, குடிக்காத இரண்டு பேர் கூட இருக்கும்போது அவர்களில் ஒருவர் ஓட்டுவார் என்று அரங்கம் நினைத்தது நியாயம் என்றார்கள். அதிகம் ஊற்றியது மட்டும் பொறுப்பை உண்டாக்காது, ஆபத்து முன்கூட்டியே தெரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது இந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது.

இதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த மேசையில் இரண்டு பேர் குடிக்கவில்லை என்பது பரிமாறியவருக்குத் தெரிந்திருந்தது. எட்டுப் பேரும் குடித்த மேசைக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. தனியாக வந்து தனியாகக் குடித்துவிட்டுச் சாவியைத் தேடுகிறவர் விஷயத்தில் அறவே உதவாது.

பாருக்கு 10 சதவீதம்தான் என்றால் பெரிய தொகை வராதே?

முதலாளிகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒன்ராறியோவில் பொறுப்பு கூட்டாகவும் தனித்தனியாகவும் உண்டு. தவறு செய்த பல பேரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வாங்கும் உரிமை காயப்பட்டவருக்கு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். உதாரணத்துக்கு, எந்தத் தவறும் செய்யாத பாதசாரிக்கு 30 லட்சம் டொலர் நட்டஈடு, ஓட்டியவருக்கு 90 சதவீதம், பாருக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாரின் பங்கு 3 லட்சம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். ஓட்டியவரிடம் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்புறுதியான 2 லட்சம் மட்டும் இருந்து, சொந்தச் சொத்து எதுவும் இல்லை என்றால், மிச்சம் 28 லட்சத்தையும் பாரிடம் கேட்கலாம். கொடுத்துவிட்டு ஓட்டியவர் மீது நீங்கள் வழக்குப் போடலாம், ஆனால் சிறையில் இருந்து வெளியே வரும், வேலையில்லாத ஒருவரிடம் என்ன வாங்குவீர்கள்?

மோசமான விபத்தில் வழக்கறிஞர்கள் ஏன் உடனே பாரைத் தேடுகிறார்கள் என்பதும் இதில் விளங்கும். வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புத் தேவைப்படும் காயத்துக்கு ஒரு காரின் காப்புறுதி போதாது. பாரின் மீது ஒரு சதவீதம் ஏற்றினாலே இன்னொரு காப்புறுதிக் கதவு திறந்துவிடும். இது நியாயமா என்று கேட்டால், ஒரு சதவீதத் தவறுக்கு முழுத் தொகை என்பது கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் மாற்று என்ன என்று பார்த்தால், ஒரு தவறும் செய்யாமல் ரோட்டைக் கடந்தவர் அந்த இழப்பைச் சுமக்க வேண்டும். அதைவிட இது மேல் என்பது என் கட்சி.

சதவீதங்கள் எப்போதும் சிறியதாகவும் வருவதில்லை. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று இருந்த பாரில் குடித்துவிட்டுக் காரில் போனவர், நடந்து வந்த மாணவி ஒருவரை இடித்த வழக்கில் ஜூரி பாருக்கு 30 சதவீதம் போட்டது. 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை விட்டுவைத்தது.

குடித்தவரே விழுந்து காயப்பட்டால் அவர் பாரிடம் கேட்க முடியுமா?

முடியும், ஆனால் அவருடைய சொந்தத் தவறுக்கு ஒரு பங்கு கழியும். ஜோர்டன் ஹவுஸ் வழக்கிலேயே கேட்டவர் குடித்தவர்தான். 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு பாரைப் பற்றியது அல்ல, பனிச்சறுக்கு இடமொன்றைப் பற்றியது. ரியூபில் மலையிலிருந்து சறுக்கும் போட்டிக்கு வந்தவர் நன்றாகக் குடித்திருந்தார், நடத்தியவர்களும் அதைப் பார்த்தார்கள், போகாதே என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போக விட்டார்கள். கழுத்து முறிந்தது. நடத்தியவர்களுக்கு 75 சதவீதம், அவருக்கு 25. “எது நடந்தாலும் நானே பொறுப்பு” என்று அவர் கையெழுத்துப் போட்ட படிவமும் காப்பாற்றவில்லை, அது என்னவென்று அவர் வாசிக்கவும் இல்லை, யாரும் விளக்கவும் இல்லை.

பார் வாசலில் பனியில் வழுக்கி விழுந்தது என்றால் ஒரு முக்கியமான விஷயம்: பனியிலோ உறைபனியிலோ விழுந்ததற்கு வழக்குப் போட 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இது 2021 ஜனவரியில் வந்த மாற்றம், பலருக்கு இன்னும் தெரியாது.

உள்ளே சண்டை வந்து ஒருவர் போத்தலால் அடித்துவிட்டார். அதற்கும் நாங்களா?

இருக்கலாம். அடித்தவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் இடத்தை நடத்துகிறவர் அங்கே நடக்கும் செயல்களிலிருந்தும் வந்தவர்களை நியாயமான அளவுக்குப் பாதுகாக்க வேண்டும். திடீரென்று, எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்த ஓர் அடிக்குப் பார் பொறுப்பேற்பது கடினம். அரை மணி நேரமாக இரண்டு மேசைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, ஒருமுறை தள்ளுமுள்ளும் நடந்து, அதன் பிறகும் இரண்டு பக்கத்துக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் கதை வேறு. இரண்டு கோஷ்டியையும் ஒரே நேரத்தில் ஒரே வாசலால் வெளியே அனுப்பி, தரிப்பிடத்தில் அடிபட வைப்பதும் இதில் சேரும்.

பவுன்சர் விஷயம் தனி. ஒன்ராறியோவில் பவுன்சருக்குப் பாதுகாவலர் உரிமம் வேண்டும். “மச்சானின் தம்பி, நல்ல உடம்பு” என்று உரிமம் இல்லாத ஆளை வாசலில் நிறுத்தி, அவர் ஒருவரின் தலையைச் சுவரில் மோதினால், அவர் செய்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சாதாரண ஊழியருக்கும் இதேதான்: வேலை நேரத்தில் பரிமாறியவர் செய்த தவறு முதலாளியின் தவறு. பரிமாறியவரின் பெயரையும் வழக்கில் சேர்க்கலாம், ஆனால் காசு இருக்கும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

19 வயது ஆகாதவருக்குக் கொடுத்திருந்தால்?

வாதாட அதிகம் மிச்சமிருக்காது. வீட்டில் தாய் தகப்பன் தங்கள் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு மட்டும் சட்டம் இடம் விடுகிறது. மண்டபத்தில் “அப்பாதான் கொடுக்கச் சொன்னார்” என்பது செல்லாது.

சரி, ஒருவர் அளவுக்கு மீறிவிட்டார். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஊற்றுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதோடு முடிந்தது என்று நினைப்பது பொதுவான தவறு, ஜோர்டன் ஹவுஸ்காரர்களும் கடைசியில் நிறுத்தித்தான் இருந்தார்கள். எப்படிப் போகப் போகிறார் என்று கேளுங்கள். கூட வந்தவர்களில் குடிக்காத ஆள் உண்டா என்று நேரே கேட்டு, அவர் கையில் சாவி போவதைப் பாருங்கள். ஊபரோ ரக்சியோ பிடித்துக் கொடுங்கள், அந்த 40 டொலரைக் கடையே கொடுத்தாலும் நட்டமில்லை. தண்ணீர், சாப்பாடு கொடுத்து இருக்க வைக்கலாம், ஆனால் கோப்பி கொடுத்தால் வெறி இறங்கும் என்பது கட்டுக்கதை.

சாவியைப் பறிக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்டு வாங்கலாம், கெஞ்சியும் வாங்கலாம். மல்லுக்கட்டிப் பறித்து அவர் கையை முறித்தால் அது இன்னொரு வழக்கு. கேட்காமல் காரை எடுத்துவிட்டாரா, 911க்கு அடித்து வாகன இலக்கத்தையும் போன திசையையும் சொல்லுங்கள். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுப்பதா என்ற கூச்சம் நம்மவர்களிடம் நிறைய உண்டு, முக்கியமாக அவர் ஊர்க்காரராக இருந்துவிட்டால். நீதிமன்றம் உங்களிடம் அதிசயம் எதிர்பார்க்கவில்லை, நியாயமான ஒரு முதலாளி செய்யக்கூடியதை எதிர்பார்க்கிறது. அந்த அழைப்பு அதில் நிச்சயம் அடங்கும்.

பரிமாறுகிற எல்லோருக்கும் ஸ்மார்ட் சேர்வ் (பொறுப்பாக மது பரிமாறும் பயிற்சி) சான்றிதழ் கட்டாயம் என்பது தெரிந்ததுதான். அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, “இந்த அண்ணை எங்கட பெரிய கஸ்டமர், கேட்டால் கொடு” என்று முதலாளியே சொல்லும் கடையில் அந்தப் பயிற்சியால் பயனில்லை. மறுத்த ஊழியருக்கு முதலாளி பின்னால் நிற்க வேண்டும்.

கலியாண வீடு, சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபத்தில் பார். யார் பொறுப்பு?

மண்டபத்துக்கே உரிமம் இருந்து, அவர்களுடைய ஆட்களே ஊற்றினால் மண்டபம் ஒரு பார் மாதிரித்தான். விழா வீட்டார் மொத்தமாகக் காசு கட்டியதால் விருந்தினருக்கு இலவசம் என்பது எதையும் மாற்றாது, விற்பனை விற்பனைதான்.

உரிமம் இல்லாத இடத்தை எடுத்து, விழா வீட்டாரே சிறப்பு நிகழ்வு அனுமதி வாங்கி நடத்தினால் பெயர் யாருடையதோ அவர் மாட்டுவார். அனுமதியில் பெயர் போட்டவர், அல்லது அவர் எழுத்தில் நியமித்தவர், நிகழ்ச்சி நடக்கும்போது அங்கே இருக்க வேண்டும், வெறியில் இருப்பவருக்கு ஊற்றாமல் பார்க்கும் கடமை அவருடையது. பெண்ணின் தகப்பன் பெயரில் அனுமதி எடுத்துவிட்டு, அவர் மணவறைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்க, பாரில் மாமாமார் தாங்களே போத்தலைத் திறந்து ஊற்றும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தகப்பன் எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. கூலிக்கு சான்றிதழ் உள்ள பரிமாறுபவர்களை வைப்பது, அந்த ஒரு நாளுக்கு மது விருந்துக் காப்புறுதி எடுப்பது, இரண்டும் பூ அலங்காரத்துக்குக் கொடுக்கும் காசில் சின்னப் பகுதிதான்.

என் வீட்டில் நடந்த பார்ட்டி என்றால்?

பெரும்பாலும் பொறுப்பில்லை. ஒட்டாவாப் பக்கம் 1998 டிசம்பர் 31 இரவு, அவரவர் போத்தலை அவரவர் கொண்டுவரும் வீட்டுப் பார்ட்டி. ஒருவர் ஏறத்தாழ 12 பியர் குடித்துவிட்டு ஓட்டிப் போய் எதிரே வந்த காரில் மோதினார். ஒருவர் இறந்தார், பதினெட்டு வயதுப் பெண் ஒருவருக்கு நடக்கும் சக்தி போனது. அந்தப் பெண் வீட்டுக்காரர் மீதும் வழக்குப் போட்டார். 2006இல் சைல்ட்ஸ் – டெசோர்மோ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கடமை இல்லை என்றது. அவர் விற்கவில்லை, லாபம் பார்க்கவில்லை, கண்காணிக்கும் பயிற்சியோ உரிமமோ அவருக்கு இல்லை, வந்தவர் தன் முடிவைத் தானே எடுக்கும் பெரிய ஆள்.

“பெரும்பாலும்” என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆபத்தை நீங்களே கூட்டினால் கதவு திறக்கும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. 2018இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், இரண்டு நண்பர்கள் கராஜில் இருந்து குடித்தார்கள், ஒருவர் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 15 பியர் குடித்துவிட்டுக் கிளம்பி, தன் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் விபத்தில் இறந்தார். வீட்டுக்காரர் மீதான வழக்கை விசாரணை இல்லாமலே கீழ் நீதிமன்றம் தள்ளியிருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, விசாரிக்கத்தான் வேண்டும் என்றது. 19 வயது ஆகாத பிள்ளைகள் குடிக்கும் பார்ட்டி என்றால் இன்னும் கவனம்.

வேலை இடத்துப் பார்ட்டி?

முதலாளிக்கும் ஊழியருக்கும் உள்ள உறவு வீட்டு விருந்து போல இல்லை. ஒன்ராறியோவில் ஓர் அலுவலகக் கிறிஸ்மஸ் பார்ட்டியில் திறந்த பார், வரவேற்பாளராக வேலை செய்தவர் குடித்துவிட்டு, அப்புறம் ஒரு பப்புக்கும் போய், பனியில் ஓட்டி விபத்துக்குள்ளானார். கீழ் நீதிமன்றம் அவருக்கு 75, முதலாளிக்கும் பப்புக்கும் சேர்த்து 25 சதவீதம் என்று தீர்த்தது. 2002இல் மேன்முறையீட்டில் ஜூரி பற்றிய பிரச்சினையால் மறுவிசாரணைக்குப் போனது. எனவே அந்தச் சதவீதத்தை விதியாக எடுக்க முடியாது, எச்சரிக்கையாக எடுக்கலாம்.

எங்கள் கடைக் காப்புறுதி இதையெல்லாம் பார்க்கும்தானே?

ஒப்பந்தத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். சாதாரண வணிகக் காப்புறுதியில் மது சம்பந்தப்பட்ட பொறுப்பு விலக்கப்பட்டிருக்கலாம், தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். மொத்த வியாபாரத்தில் மதுவின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். தவணைப்பணம் குறைய வேண்டும் என்று “10 சதவீதம்” என்று எழுதி, உண்மையில் பாதி வருமானம் பாரிலிருந்து வந்தால், விபத்துக்குப் பிறகு கம்பனி கணக்குப் புத்தகத்தைக் கேட்கும். பின்கதவால் தொடங்கிய நடனத் தளம், நள்ளிரவு டிஜே, இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

வழக்கு ஒரு பக்கம், உரிமத்துக்கு என்ன ஆகும்?

அது தனிப் பாதை. மது, சூதாட்ட ஆணையம் அபராதம் போடலாம், உரிமத்தை இடைநிறுத்தலாம், பறிக்கலாம். ஆணையம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நட்டஈட்டு வழக்கு வரும், வழக்கு வராவிட்டாலும் ஆணையம் வரலாம்.

காயப்பட்டது நான் அல்லது என் குடும்பம். எவ்வளவு நேரம் இருக்கிறது?

பொதுவாக 2 ஆண்டுகள். ஆனால் உண்மையான அவசரம் கமராப் பதிவு. பல கடைகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். விபத்தை உண்டாக்கிய காரை ஓட்டியவர் எங்கே குடித்தார் என்று தெரிந்த உடனே, பதிவு, பில், வேலைப் பட்டியல் எதையும் அழிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் மூலம் பாருக்குக் கடிதம் போக வேண்டும். எங்கே குடித்தார் என்பதைப் பொலிஸ் அறிக்கை, வங்கி அட்டைக் கணக்கு, கூட இருந்தவர்கள் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், சில சமயம் ஒரே இரவில் மூன்று பார். காயப்பட்டவர் மட்டுமில்லை, கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள், சகோதரர்களும் அவருடைய துணையையும் பராமரிப்பையும் இழந்ததற்காகக் கேட்கலாம். உங்கள் சொந்தக் காப்புறுதியில் கிடைக்கும் விபத்து உதவித்தொகை வேறு, அதற்கு யார் பிழை என்று பார்ப்பதில்லை, அதைக் காத்திருக்காமல் உடனே கேளுங்கள்.

எல்லா நாட்டிலும் இப்படியா?

இல்லை, பக்கத்து மாகாணத்திலேயே இல்லை. கியூபெக்கில் வாகன விபத்துக் காயத்துக்கு அரசுத் திட்டம் பணம் கொடுக்கும், வழக்குப் போடும் உரிமை கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: வர்ஜீனியாவில் பாரின் மீது இப்படிக் கேட்க முடியாது, நியூ ஜெர்சியிலோ 1984இல் வீட்டுக்காரரையே பொறுப்பாக்கினார்கள். ஆஸ்திரேலியா நேர் எதிர். தஸ்மேனியாவில் ஒரு வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிளைப் பார்காரர் பூட்டி வைத்தார். அவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டதும், மனைவியைக் கூப்பிடவா என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு, கொடுத்துவிட்டார். போகும் வழியில் அவர் இறந்தார். பெரிய ஆளை அவருடைய சொந்த முடிவிலிருந்து காப்பாற்றும் கடமை பாருக்கு இல்லை என்று 2009இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே இரவு ஒன்ராறியோவில் நடந்திருந்தால் அந்தப் பார்காரருக்கு வேறு பதில் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

சம்பவம் நடந்துவிட்டது என்று மறுநாள் காலை தெரிய வந்தால் முதலாளி என்ன செய்ய வேண்டும்?

கமராப் பதிவை உடனே தனியாகச் சேமியுங்கள், அது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், அழித்தது தெரிந்தால் அழித்ததே பெரிய பிழையாக நிற்கும். அன்று வேலை செய்த ஒவ்வொருவரும் கண்டதைத் தனித்தனியாக, தங்கள் கையால், தேதி போட்டு எழுதட்டும், கூடிப் பேசி ஒரே கதையாக்கி எழுத வேண்டாம். காப்புறுதிக் கம்பனிக்கு அன்றைக்கே அறிவியுங்கள், தாமதித்தால் அதையே காரணமாகச் சொல்லிக் கையை விரிப்பார்கள். காயப்பட்டவர் வீட்டுக்குப் பழங்களோடு போய் மன்னிப்புக் கேட்க மனம் சொல்லலாம். முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வட்ஸப் குழுவில் “நான் அப்பவே சொன்னனான் அவருக்கு ஊத்தாதையுங்கோ என்று” என யாராவது எழுதியிருந்தால், அதையும் அழிக்கக் கூடாது.